மூட்டை கட்டிய படகு: தோல்பையிலிருந்து பெடல் கயாக் வரை

1821 செப்டம்பர் 26. இன்றைய வட கனடாவில் ஓடும் காப்பர்மைன் ஆற்றங்கரைக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. எல்லோரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். பாறையில் படரும் ஒருவகைப் பாசியைச் சுரண்டித் தின்று உயிர் பிழைத்து வந்தவர்கள். அவர்களின் தலைவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃப்ராங்க்ளின். ஆற்றின் அகலம் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அக்கரைக்குப் போய்விட்டால் அவர்களின் குளிர்கால முகாம் சில நாள் நடை.

ஆனால் கையில் படகு இல்லை!

படகு இல்லாமலே புறப்பட்டார்களா என்றால், இல்லை. வட கடற்கரையிலிருந்து திரும்பும்போது பெரிய மரப்பட்டைப் படகுகளைப் பிரித்து, தூக்கிச் செல்ல வசதியாக இரண்டு சின்னப் படகுகளாகச் செய்துகொண்டுதான் கிளம்பினார்கள். வழியில் பனி, பாறை, காற்று. படகைத் தலையில் சுமந்தவர்கள் மாறி மாறி விழுந்தார்கள். ஒரு படகு உடைந்தது. உடைந்த மரத்தை எரித்து அன்றைக்கு சூப் காய்ச்சிக் குடித்தார்கள். கொஞ்ச நாளில் இரண்டாவது படகும் விழுந்து உடைய, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். இதைவிடக் கொடுமை, பாரம் தாங்காமல் மீன் வலைகளையும் எறிந்துவிட்டு வலையின் மிதவைகளை எரித்துவிட்டிருந்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் வலையை எறிந்தார்கள்!

ஆற்றங்கரையில் எட்டு நாள் போயிற்று. குழுவின் மருத்துவர் ஜான் ரிச்சர்ட்சன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்திப் பார்த்தார். குளிரில் கை கால் மரத்துப்போய் மூழ்கினார், கயிற்றை இழுத்து அவரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் குழுவிலிருந்த பியர் செயின்ட் ஜெர்மெய்ன் என்பவர் வில்லோ மரக் குச்சிகளை வளைத்து, மேலே கான்வாஸ் துணியைப் போர்த்தி ஒரு ஆள் உட்காரும் படகைச் செய்தார். அக்டோபர் 4 அன்று ஒவ்வொருவராக அதில் கடந்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்தப் பயணத்தில் கடற்கரை வரை போய்த் திரும்பிய 20 பேரில் 11 பேர் உயிரோடு ஊர் சேரவில்லை.

சுருட்டிப் பைக்குள் வைக்கும் காற்றுப் படகு, காலால் மிதித்தால் ஓடும் பெடல் கயாக் என்றெல்லாம் இன்று விற்பனைக்கு வருகிறதே, அதன் வரலாற்றை இந்த ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். "சுமக்க முடியாத படகு, இல்லாத படகுக்குச் சமம்" என்ற பாடம் இங்கேதான் மிகக் கடுமையாகக் கற்பிக்கப்பட்டது.

ஆட்டுத்தோலும் கூடாரத் துணியும்

தூக்கிச் செல்லும் படகு என்பது புது யோசனையே அல்ல. அசீரிய மன்னர் இரண்டாம் அஷூர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனைச் சிற்பங்களில், காற்று ஊதிய தோல்பையைக் கட்டிக்கொண்டு ஆற்றில் நீந்தும் மனிதர்களைப் பார்க்கலாம். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்கள், இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒருவர் தோல்பையின் வாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டே நீந்துவார். காற்று குறையக் குறைய ஊதிக்கொள்ளத்தான்!

கி.மு. 329-ல் அலெக்சாண்டர் ஆக்ஸஸ் ஆற்றங்கரைக்கு (இன்றைய ஆமு தாரியா) வந்தபோது அங்கே படகு ஒன்றும் மிச்சமில்லை. எதிரி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுப் போயிருந்தான். சுற்றிலும் மரமும் இல்லை. கூடாரத்துக்குப் பயன்பட்ட தோல்களைக் கழற்றி, உள்ளே உலர்ந்த வைக்கோலைத் திணித்து, தண்ணீர் புகாதபடி தைத்து மிதவையாக்கி, ஐந்து நாளில் படை முழுவதும் கடந்தது. கூடாரமாகவும் படகாகவும் ஒரே தோல். இந்த "ஒரு பொருள், இரண்டு வேலை" என்ற யோசனை பின்னால் மறுபடி வரும்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனுக்கு வரும் வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். குச்சிச் சட்டத்தில் தோல் போர்த்திய படகு. ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு உருவம் உடனே புரிந்துவிடும். ஆற்றின் ஓட்டத்தோடு சரக்கு வரும். ஓட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது. அதனால் படகிலேயே ஒரு கழுதையையும் ஏற்றி வருவார்கள். சரக்கை விற்று, சட்டத்தையும் விற்று, தோலை மட்டும் கழுதை மேல் போட்டுக்கொண்டு தரை வழியாக ஊர் திரும்புவார்கள். போகும் வழிக்குப் படகு, வரும் வழிக்கு மூட்டை! கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரமாதமான வியாபாரம்.

சட்டைக்குள் ஒரு படகு

ஃப்ராங்க்ளின் குழுவின் கதை இங்கிலாந்து முழுக்கப் பேசப்பட்டது. அதைப் படித்து யோசித்தவர்களில் ஒருவர் பீட்டர் ஹால்கெட் என்ற கடற்படை லெப்டினன்ட். அந்த ஆற்றங்கரையில் ஒரே ஒரு சின்னப் படகு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

அப்போது ஒரு புதுத் துணி கிடைத்தது. சார்லஸ் மேக்கின்டாஷ் 1823-ல் காப்புரிமை பெற்ற ரப்பர் பூசிய மழைத்துணி. ஹால்கெட் அதில் ஒரு மேலங்கி தைத்தார். அங்கியின் உட்புறத்தில் நான்கு தனித்தனிக் காற்றறைகள். பையில் இருக்கும் சின்னத் துருத்தியால் மூன்று நான்கு நிமிடம் காற்றடித்தால் மேலங்கி படகாகிவிடும். கைத்தடியில் ஒரு பலகையை மாட்டினால் துடுப்பு. குடையை விரித்தால் பாய்! மொத்த எடை சுமார் மூன்றரை கிலோ. 1844-ல் லண்டன் தேம்ஸ் நதியில் ஓட்டியே காட்டினார்.

பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை என்ன சொன்னது? மிகவும் புத்திசாலித்தனமான கண்டுபிடிப்பு, ஆராய்ச்சிப் பயணங்களுக்கு உதவலாம், ஆனால் கடற்படையின் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆனால் உண்மையான சோதனை வேறு இடத்தில் நடந்தது. ஹட்சன் பே கம்பெனியைச் சேர்ந்த டாக்டர் ஜான் ரே 1846-47-ல் ஆர்க்டிக் கரையை ஆராயப் போனபோது ஹால்கெட் செய்த இரண்டு மூன்று பேர் உட்காரும் காற்றுப் படகைக் கொண்டுபோனார். அதை வாரக்கணக்கில் எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா? ஆற்றைக் கடக்கவும், மீன் வலை போட்டு எடுக்கவும்தான். பாறையில் உரசிக்கொண்டே இருந்தும் ரிப்பேர் தேவைப்படவில்லை என்று எழுதி வைத்தார். ஃப்ராங்க்ளின் குழு பாரம் தாங்காமல் வலையை எறிந்தது. ரேயின் குழு லேசான படகிலிருந்து வலை வீசியது. இரண்டுக்கும் நடுவில் 25 ஆண்டு, கொஞ்சம் ரப்பர் துணி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இருந்தும் ஹால்கெட் படகு சந்தையில் தோற்றது. வணிகவியல் பாடத்தில் வரும் பழைய கதைதான். பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வாங்குவதற்கு ஆள் வேண்டும். 1840-களில் ஆர்க்டிக் போகிறவர்கள் எத்தனை பேர்? உலகில் இன்று இரண்டே இரண்டு ஹால்கெட் படகுகள்தான் மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. ஒன்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரோம்னெஸ் மியூசியத்தில், இன்னொன்று கனடாவில்.

ஒரு மாணவரும் ஒரு தையல்காரரும்

வாங்கும் ஆளைக் கண்டுபிடித்தது ஜெர்மனி. மியூனிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஹாய்ரிக் 1905-ல் மடித்துப் பையில் வைக்கும் கயாக் ஒன்றைச் செய்து ஈசார் ஆற்றில் ஓட்டினார். மரச்சட்டத்தின் மேல் துணி. வட துருவப் பகுதியின் இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகுதான் கயாக். அதே தத்துவம், மடிக்க மட்டும் முடியும். 1907-ல் ரோசன்ஹைம் ஊரின் தையல்காரர் யோஹான் கிளெப்பர் அந்த உரிமையை வாங்கி உற்பத்தியைத் தொடங்கினார்.

இம்முறை காலம் ஒத்துழைத்தது. ரயில் எல்லா ஊருக்கும் போனது. நகரத்துக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. ஆனால் வீட்டில் படகு நிறுத்த இடமில்லை, காரும் இல்லை. பையில் படகோடு ரயிலேறி மலையடிவாரத்தில் இறங்கி, ஆற்றோடு கீழே வந்து, மறுபடி மடித்து ரயிலேறி வீடு திரும்பலாம். ஹெரோடோட்டஸின் கழுதைக்குப் பதில் ரயில்! 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடிப்புக் கயாக்குக்கென்றே 10,000 மீட்டர் போட்டி நடந்தது.

மடிப்புக் கயாக்கின் எல்லையைத் தொட்டவர் ஆஸ்கர் ஸ்பெக். 1932-ல் வேலையில்லாமல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் நதியில் படகை இறக்கினார். சிரியாவில் படகை மடித்துப் பஸ்ஸில் ஏற்றி யூப்ரடீஸ் நதிக்குக் கொண்டுபோனார். பிறகு பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா, மலாயா, இந்தோனேசியத் தீவுகள். ஏழு ஆண்டு. வழியில் நைந்துபோன படகுக்குப் பதில் கம்பெனி புதியவற்றை அனுப்பியது. 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவு ஒன்றில் கரையேறினார். அதற்குள் இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. எதிரி நாட்டுக்காரர் என்று சிறைப்பிடித்து, போர் முடியும்வரை வைத்திருந்தார்கள். பாவம் மனிதர்!

காற்றை நம்பிக் கடலில்

காற்றுப் படகுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தது இன்னொரு டாக்டர். பிரெஞ்சுக்காரர் அலேன் பொம்பார் 1952-ல் நாலரை மீட்டர் நீளமுள்ள ரப்பர் படகில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். கப்பல் கவிழ்ந்தவன் கடலில் கிடைப்பதை வைத்தே பிழைக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மீன் பிடித்துத் தின்று, மீனைப் பிழிந்த சாற்றைக் குடித்து, 65 நாளில் பார்படோஸ் சேர்ந்தார். இருபது கிலோவுக்கு மேல் இளைத்திருந்தார். கடல் நீரைக் குடிப்பது பற்றி அவர் சொன்னதைப் பின்னால் மற்ற மருத்துவர்கள் ஏற்கவில்லை. மறுத்தவர்களில் ஒருவர் ஜெர்மன் டாக்டர் ஹான்னஸ் லிண்டமன். அவர் 1956-ல் கிளெப்பர் மடிப்புக் கயாக்கிலேயே 72 நாளில் அதே கடலைக் கடந்தார். இரண்டு முறை கவிழ்ந்தும் பிழைத்தார். அந்தக் கயாக்கின் பக்கவாட்டில் காற்றுக் குழாய்கள் இருந்தன. சட்டம் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். இரண்டு பரம்பரையும் ஒன்றாகச் சேர்ந்த படகு.

ஆனாலும் காற்றுப் படகுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. தொளதொளவென்று நடுவில் வளையும். காற்று அடைத்த எதுவும் உருண்டையாகத்தான் ஆகப் பார்க்கும், தட்டையாக நிற்காது. இதற்கு வந்த விடைதான் 'டிராப் ஸ்டிச்'. மேலும் கீழும் இரண்டு துணி, நடுவில் ஒரே நீளத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள். காற்றடிக்கும்போது நூல்கள் இரண்டு துணியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலகை போலத் தட்டையாக, கெட்டியாக நிற்கும். 1956-ல் அமெரிக்காவின் குட்இயர் கம்பெனி இதே மாதிரித் துணியில் காற்றடைத்த விமானமே செய்து பறக்கவிட்டது! விமானம் விலைபோகவில்லை. யோசனை மட்டும் படகுக்கு வந்து சேர்ந்தது. சாதாரணக் காற்றுக்குழாய் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் தாங்கும். டிராப் ஸ்டிச் தளம் பத்தைத் தொட்டும் தாண்டியும் போகும்.

கைக்குப் பதில் கால்

மிச்சம் இருப்பது பெடல். இதுவும் பழசுதான். சீனாவில் சோங் அரச காலத்தில் ஆட்கள் மிதித்துச் சக்கரம் சுழற்றும் போர்ப் படகுகள் இருந்தன. டோங்டிங் ஏரியில் கலகம் செய்த யாங் யாவோவிடம் இத்தகைய வேகமான படகுகள் இருந்தன. 1135-ல் தளபதி யூ ஃபெய் அவற்றை எப்படி வென்றார்? ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து அழுகிய மரக்கட்டைகளையும் புல்லையும் மிதக்கவிட்டார். சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. படகுகள் நின்றன. கதை முடிந்தது.

இன்று பாசி படர்ந்த ஏரியில் பெடல் கயாக் ஓட்டுகிறவர் பட்டுத் தெரிந்துகொள்வதை யாங் யாவோ கிட்டத்தட்ட 900 ஆண்டுக்கு முன்பே பட்டுவிட்டார்!

நவீன பெடல் கயாக்கில் திருப்புமுனை 1997. அமெரிக்காவின் ஹோபி கம்பெனி 'மிராஜ் டிரைவ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. பென்குயின் இறக்கை அசைவதுபோல, படகுக்கு அடியில் இரண்டு துடுப்புகள் பக்கவாட்டில் அசையும். காலை முன்னும் பின்னும் தள்ளினால் போதும். கை முழுக்கத் தூண்டிலுக்கு! மீன் மாட்டிய நேரத்தில் காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனாலும், காலால் சமாளித்துக்கொண்டு கையால் மீனை இழுக்கலாம். பிறகு மற்ற கம்பெனிகள் சைக்கிள் போல மிதிக்கும் புரொப்பெல்லர் வகையைக் கொண்டுவந்தன. ஹோபியே தன் கருவியைக் காற்றுப் படகுகளிலும் பொருத்தியது. இப்படித்தான் அசீரியனின் தோல்பையும், சீனனின் மிதிசக்கரமும், ஜெர்மன் மாணவனின் மடிப்புப் பையும் ஒரே மூட்டைக்குள் வந்து சேர்ந்தன.

சரி, எதை வாங்குவது?

வரலாறு தெரிந்த பிறகு கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே வந்துவிடும்.

*முதல் கேள்வி எடை.* விளம்பரத்தில் படகின் எடை மட்டும் இருக்கும். பெடல் கருவி, இருக்கை, சுக்கான், பம்ப், துடுப்பு, பை எல்லாம் சேர்த்தால் இருபது கிலோவை எளிதில் தாண்டும். பல வெளிநாட்டு விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ, நம் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான். பஸ், ரயில் என்றால் எடைபோட ஆளில்லை, ஆனால் தோள் இருக்கிறது. வாங்கும் முன் அதே எடையுள்ள அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்து பார்க்கலாம். போகும்போது அல்ல, நாள் முழுக்க மிதித்துக் களைத்துத் திரும்பும்போது தூக்க முடியுமா என்பதே கேள்வி. ஃப்ராங்க்ளின் ஆட்கள் படகைக் கீழே போட்டதும் திரும்பும் வழியில்தான்.

*இரண்டாவது, தளம்.* பெடலை மிதிக்கும் விசை படகின் தளத்தில்தான் இறங்குகிறது. தளம் வளைந்தால் பாதி உழைப்பு வீண். பெடல் வைத்த காற்றுப் படகு என்றால் தளமாவது டிராப் ஸ்டிச்சாக இருப்பது நல்லது.

*மூன்றாவது, பெடலின் வகை.* தண்ணீரில் பாசி, ஆகாயத்தாமரை அதிகமா? ஆழம் குறைவா? இறக்கை வகையில் துடுப்புகளைப் படகோடு ஒட்டி மடக்கிக்கொள்ளலாம். புரொப்பெல்லர் வகைக்கு ஆழம் வேண்டும், கொடி சுற்றினால் நிறுத்தி எடுக்க வேண்டும். ஆனால் பின்னோக்கி மிதித்தால் படகும் பின்னால் போகும். பழைய இறக்கை வகையில் ரிவர்ஸ் கிடையாது, 2010-களின் பிற்பகுதியில்தான் வந்தது. பழைய படகு வாங்குகிறவர் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

*நான்காவது, காற்றறைகள்.* தூண்டில் முள்ளும் காற்றுப் படகும் நல்ல நண்பர்கள் அல்ல. ஹால்கெட் மேலங்கியிலேயே நான்கு அறை வைத்தார். ஒன்று போனாலும் மிச்சம் மிதக்க வேண்டும். ஒட்டுப்போடும் பொருட்கள் பையில் இருக்க வேண்டும். வெயிலில் காற்று விரியும் என்பதால், நடுப்பகலில் கரையேற்றி வைக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். உப்பு நீரில் ஓட்டினால் நல்ல நீரில் கழுவி நிழலில் காயவைத்தே மடிக்க வேண்டும். பெடல் கருவிக்கும் அதே கவனிப்பு.

*கடைசியாக, உயிர்.* காற்றுப் படகு தண்ணீரில் உயரமாக மிதக்கும், அதனால் காற்று அதைச் சுலபமாகத் தள்ளும். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசும் நாளில் இறங்கவே கூடாது. லைஃப் ஜாக்கெட் பையில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். பெடல் இருக்கிறதே என்று கைத்துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பொம்பாரும் லிண்டமனும் கடலைக் கடந்தார்களே என்றால், அவர்கள் நீண்ட நாள் தயாரித்துக்கொண்டு போனவர்கள். அவர்களும் மயிரிழையில்தான் தப்பினார்கள்.

இத்தனை வசதிகளையும் சேர்க்கச் சேர்க்க மூட்டை கனக்கிறது என்பதுதான் இன்றைய வேடிக்கை. தூண்டில் தாங்கி, கப் தாங்கி, பெரிய இருக்கை, மீன் தேடும் கருவி என்று ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மூன்றரை கிலோவில் தொடங்கிய ஹால்கெட்டின் யோசனை, சில மாடல்களில் இரண்டு பேர் தூக்கும் பெட்டியாகிவிட்டது. வீட்டு மூலையிலேயே கிடக்கும் விலை உயர்ந்த படகைவிட, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோளில் ஏறும் சின்னப் படகு மேல்.

காப்பர்மைன் கரையில் அத்தனை பேரை அக்கரை சேர்த்தது நாலு குச்சியும் ஒரு கான்வாஸ் துணியும்தான். அது வேகமாகவும் போகவில்லை, சொகுசாகவும் இல்லை, உள்ளே தண்ணீர்கூட வந்தது. ஆனால் தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட அன்றைக்கு அது இருந்தது. எட்டு நாள் முன்னால் இருந்திருந்தால் இன்னும் சிலர் வீடு திரும்பியிருப்பார்கள்.